துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

இப்போதெல்லாம் யாராவது என் பொருளைக் கையில் வாங்கினால் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. விரலைப் பார்க்கிறேன். மருந்துக் கடையில் சீட்டை நீட்டும்போதும் சரி, பள்ளி அலுவலகத்தில் விடைத்தாள் கட்டைக் கொடுக்கும்போதும் சரி, அந்த விரல் எதைத் தொட்டது, தொட்டபின் எங்கே போனது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறேன். "டீச்சருக்கு இன்னா ஆச்சு, ஒரு மாதிரி முறைக்கறாங்களே" என்று மருந்துக் கடைக்காரர் என் கணவரிடம் கேட்டாராம். கேட்கட்டும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். கணவருக்குத் திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. கீழே கடை, மேலே வீடு. எங்களுக்கு ஒரே மகள். பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்து, முகாமில் முதன்முறையாகத் துப்பாக்கியைத் தொட்டவள், அதன்பிறகு வேறு எதையும் அவ்வளவு ஆசையாகத் தொடவில்லை. மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று போய், கல்லூரியில் சேர்ந்த வருடம் அவளுக்கென்று சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்க வேண்டியதாயிற்று. லைசென்ஸ் வாங்கும் வயது அவளுக்கு இன்னும் வரவில்லை. கணவர் பெயரில் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கொல்லை வரப்புத் தகராறில் பங்காளி கொடுத்த புகார் ஒன்று கிடந்தது. அதனால் லைசென்ஸ் என் பெயரில் வந்தது. விசாரிக்கப் போலீஸ் வந்துபோன அன்று தெருவே எங்கள் வாசலைப் பார்த்தது. எதிர்வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரப் பெண் மட்டும் கைகூப்பிவிட்டு ஆசிரமத்துக்குப் போனாள்.

கணவரின் அண்ணன் ஊரிலிருந்து வந்தபோது பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்.

"ஏம்மா, பாப்பாவ இத ஒரு நாள் கொல்லைக்கு எடுத்தாரச் சொல்லேன். வெதச்ச மல்லாட்டைய பூரா பன்னி பேத்துப் போட்டுடுது."

"அது காகிதத்த சுடற துப்பாக்கிண்ணா," என்றார் கணவர்.

"காகிதத்த சுடவா இம்மாம் பெரிய துப்பாக்கி? காகிதம் இன்னா ஓடியா போவுது?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் கேள்விதான் நியாயம். காட்டில் பன்றியைச் சுடுகிற துப்பாக்கிக்கும் அட்டையில் வட்டத்தைச் சுடுகிற துப்பாக்கிக்கும் விமான நிலையத்தில் ஒரே மேசைதான். வெளியே போகும்போது கஸ்டம்ஸ்காரர் துப்பாக்கியின் எண்ணைப் பார்த்து எழுதி ஒரு சான்றிதழ் தருவார். அதே எண்ணுள்ள அதே துப்பாக்கி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அது கடத்தல். இதை எனக்குச் சொன்னவர் மகளின் பயிற்சியாளர்.

அவரை எனக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. எதைக் கேட்டாலும் "மேடம், பேப்பர் வேலய என்கிட்ட விட்டுடுங்க" என்பார். வணிகவியல் நடத்துகிறவளிடம் சொல்லக்கூடாத வாக்கியம் அது. ஜெர்மனியில் ஜூனியர் போட்டி ஒன்று இருக்கிறது, பாப்பாவும் வரட்டும் என்று அவர் சொன்னபோது, லைசென்ஸ்காரி என்ற முறையில் நானும் கூடப் போகவேண்டியிருந்தது. அவர் நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். சிலவற்றைப் படித்தேன். சிலவற்றைப் படிக்க அவர் நேரம் கொடுக்கவில்லை. அவருடைய இன்னொரு மாணவனும் எங்களோடு வந்தான். அவனிடம் இருந்ததும் அதே கம்பெனி, அதே மாதிரி ரைஃபிள். அதையும் நான் மனதில் குறித்துவைத்துக்கொண்டேன்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. கடையில் காயில் சுற்றும் மெஷின், மீட்டர், ஸ்பேனர், வைஸ், மொபெட் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். மகள் ரைஃபிளைப் புதுத் துண்டில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தாள். கணவர் உள்ளே போய் எவர்சில்வர் டப்பியை எடுத்து வந்தார். அதில் தீப மை இருக்கும். கார்த்திகை தீபம் முடிந்து மலை மேலிருந்து கொப்பரை இறங்கியதும் அதில் படிந்த கரியை நெய்யில் குழைத்துப் பிரசாதமாகத் தருவார்களே, அது. எங்கள் வீட்டில் ஊர் தாண்டிப் போகிற எதற்கும் அந்த மை ஒரு துளி உண்டு. புது வண்டிக்கு வைப்பார். மகளின் ஹால் டிக்கெட் பின்னால் வைப்பார்.

துப்பாக்கியின் கறுப்பு இரும்பில் எண் வெள்ளையாகப் பொறித்திருந்தது. அதன் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனார்.

"அப்பா, நம்பர் மேல வெக்காதப்பா."

"தெரியும் போடி. மோட்டார் நேம் பிளேட்டு பாத்து பாத்தே எனக்குக் கண்ணு போச்சு. பக்கத்துலதான் வெக்கறேன்."

பக்கத்தில்தான் வைத்தார், கடைசி எண்ணுக்குச் சற்றுக் கீழே, இடது ஓரமாக. மிளகளவு மை. மகள் அதைப் போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாள். "திரும்பி வர வரைக்கும் தொடைக்கக் கூடாது," என்றார் அவர். அவள் தலையாட்டினாள்.

விமான நிலையத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் விபூதி. பயிற்சியாளர் தாள்களை நீட்டினார். அதிகாரி பெட்டியைத் திறந்ததும் முகம் மாறியது.

"பொட்டெல்லாம் வெச்சிருக்கீங்க. எந்த ஊரும்மா?"

"திருவண்ணாமலைங்க."

"அப்ப இது தீப மையா?"

"ஆமாங்க."

"மாசம் தவறாம பௌர்ணமிக்கு வந்துடுவேன்மா. இந்த மாசந்தான் லீவு கிடைக்கல. சாமி இங்கயே வந்துட்டாரு பாரு." மோதிர விரலால் அந்த மையின் ஓரத்தை லேசாகத் தொட்டு விபூதிக்கு நடுவே கோடாக இழுத்துக்கொண்டார். "நான் இத கலைக்க மாட்டேன். அப்படியே இருக்கட்டும்."

குனிந்து எண்ணைப் பார்த்தார். லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தார். எழுதினார். முத்திரை குத்தினார். எனக்கு வயிற்றில் பாலை வார்த்ததுபோல் இருந்தது. நல்ல மனுஷர் கையால் ஆரம்பித்திருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். சான்றிதழைப் பயிற்சியாளரிடம் கொடுக்காமல் நானே வாங்கி என் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

ஜெர்மனியில் இறங்கியதும் அங்குள்ள கஸ்டம்ஸ். நீல நிறக் கையுறை போட்ட உயரமான ஆள். பெட்டியைத் திறந்தான், எண்ணைத் தேடினான், முகத்தைச் சுளித்தான். பக்கத்தில் இருந்த காகிதத் துண்டை உருவி ஒரே தேய். எண்ணைப் படித்து அவனிடமிருந்த அனுமதியோடு ஒப்பிட்டுச் சரி என்று தலையசைத்தான்.

"அம்மா, தொடச்சிட்டாம்மா," என்றாள் மகள்.

அழுக்கு என்று நினைத்திருப்பான். அவன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் எனக்கு மனசே ஆறவில்லை. திரும்பும் வரை துடைக்கக் கூடாது என்றாரே. கணவரிடம் போனில் சொல்லவில்லை. என் கைப்பையில் ஒரு சின்னத் தாளில் மடித்த மை இருந்தது. திரும்ப வைக்கலாம் என்றேன். மகள், "வேணாம்மா, போட்டில செக்கிங்ல மறுபடியும் கேப்பாங்க" என்றாள்.

அங்கே இருந்த நாட்களில் என் கண் சும்மா இருக்கவில்லை. ரைஃபிள்களை எல்லாம் ஒரு பூட்டிய அறையில் வைத்தார்கள். எங்கள் குழுவின் சாவி பயிற்சியாளரிடம். இரண்டு பெட்டியும் ஒரே நிறம். சுடும் இடத்துக்கு வெளியே துப்பாக்கிக் கம்பெனி ஒன்று கடை போட்டிருந்தது. வேட்டைக்கு ஒரு வரிசை, விளையாட்டுக்கு ஒரு வரிசை என்று சுவரில் சாத்தியிருந்தார்கள். மகள் அங்கே போனால் வருவதேயில்லை. புது ரைஃபிள் ஒன்றைத் தோளில் வைத்து, கன்னத்தை ஒட்டி, கண்ணை மூடித் திறந்து, மறுபடியும் வைத்து. கடைக்காரன் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். பயிற்சியாளர் அவனோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் பேச்சு நின்றது.

"இன்னா பேசினாரு?" என்று மகளைக் கேட்டேன்.

"தோள்ல வெக்கற ஸ்டாக் கட்டையோட அளவு பத்திம்மா. உனக்குப் புரியாது."

போட்டியில் அவள் நடுவில் எங்கேயோ வந்தாள். ஊருக்குப் போனதும் அணிக்கான தேர்வுப் போட்டி இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார் பயிற்சியாளர். இந்த ரைஃபிளோடு பழகிய கை, அதுவரை இதை விடக்கூடாது என்றும் சொன்னார்.

திரும்பி இறங்கிய காலையில், கஸ்டம்ஸில் காட்டவேண்டிய பொருளோடு வருகிறவர்களுக்கான ரெட் சேனலுக்குப் போனோம். அன்று மேசையில் இளம் வயதுப் பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். முதலில் அந்த மாணவனின் துப்பாக்கி. எண் சரியாக இருந்தது, அனுப்பிவிட்டார். "நாங்க வெளிய நிக்கறோம் மேடம்" என்று பயிற்சியாளர் அவனோடு நகர்ந்தார். பிறகு எங்களுடையது.

அவர் சான்றிதழைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். மறுபடி சான்றிதழ். டார்ச் எடுத்து அடித்துப் பார்த்தார்.

"மேடம், இதுல கடைசி நம்பர் மூணு. துப்பாக்கில எட்டு இருக்கு."

"எட்டுதாங்க," என்றேன்.

"நான் மூணுன்னு எழுதின பேப்பர கையில வெச்சிருக்கேன். லைசென்ஸ் குடுங்க."

கொடுத்தேன். அதில் எண் கையால் எழுதியது. எழுதியவர் எட்டை இடது பக்கம் மூடாமல் வாயைத் திறந்தபடி விட்டிருந்தார்.

"இது மூணா, எட்டா?"

"எட்டுங்க."

"நீங்க சொல்றதால எட்டா?"

வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கேட்கிற தொனியில் கேட்டார்.

கணவருக்குப் போன் போட்டேன். கடையில் மெஷின் ஓடும் சத்தம்.

"இன்னாது, நம்பர் மாறிடுச்சா? போன எடத்துல அது இன்னா குட்டியா போட்டுது?"

"வெளயாடாதீங்க. பீரோல வாங்கின பில் இருக்கும், போட்டோ எடுத்து அனுப்புங்க."

அவர் குரல் உடனே மாறியது. மெஷின் நின்றது. மாடிப்படியில் ஓடும் காலடி கேட்டது. கொஞ்ச நேரத்தில் பில் வந்தது. அச்சில், தெளிவாக, எட்டு. அப்பாடா என்று போனை நீட்டினேன். அதிகாரி நிதானமாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சரி. எட்டு உங்களோடதுதான். ஒத்துக்கறேன். அப்ப மூணு எங்க?"

"எந்த மூணுங்க?"

"நீங்க இங்கேருந்து எடுத்துட்டுப் போனது மூணு. முத்திரை இருக்கு, கையெழுத்து இருக்கு. திரும்பி வந்தது எட்டு. அந்த மூணாம் நம்பர் துப்பாக்கிய யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

இல்லாத ஒரு துப்பாக்கிக்கு நான் கணக்குச் சொல்லவேண்டும். என்ன சொல்வது? இருப்பதை இருக்கிறது என்று காட்டலாம். இல்லாததை எப்படிக் காட்டுவது?

அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. நடைமுறையை மட்டும் சொன்னார். துப்பாக்கி இங்கே நிற்கும். மேலதிகாரி வருவார். அவருக்கும் புரியவில்லை என்றால் போலீஸுக்கு எழுதுவார்கள். லைசென்ஸ் யார் பெயரிலோ வழக்கு அவர் மேல். வழக்கு என்றால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் ரைஃபிள் போகும். தேர்வுப் போட்டி போகும். அதற்கப்புறம் எந்தத் துப்பாக்கிக் கழகம் இவளை உள்ளே விடும்? மகள் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

சுவரோரம் இருந்த நாற்காலிகளில் எங்களை உட்காரச் சொன்னார்கள். பயிற்சியாளருக்குப் போன் போட்டேன்.

"உள்ள விடமாட்டாங்க மேடம். நம்பர நீங்க பாக்கலையா? சர்டிபிகேட் உங்க பையிலதானே இருந்துச்சு?"

அது போதும் எனக்கு. பூட்டிய அறை, அவர் கையில் சாவி, ஒரே நிற இரண்டு பெட்டி. அந்த மாணவனை முதலில் அனுப்பிக் கூடவே வெளியே போன வேகம். கடைக்காரனோடு தாழ்ந்த குரல். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. ஆனால் பெட்டியில் இருப்பது எங்கள் எட்டுதானே? அவர் மாற்றியிருந்தால் எட்டு எப்படி என்னிடம் இருக்கும்? அந்த இடத்தில் கணக்கு உதைத்தது. உதைத்த கணக்கை நான் விடவில்லை, வேறு பக்கம் திருப்பினேன். கண்ணை மூடிப் புது ரைஃபிளைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்ட மகளின் முகம் வந்தது.

"பாப்பா," என்றேன், மேசைக்குக் கேட்காமல். "உண்மைய சொல்லு. அந்தக் கடைக்காரன்கிட்ட எதனா மாத்திக்கினியா? சாமான் எதனா குடுத்து வாங்கினியா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நான் உன்ன கேக்கலாம்னு இருந்தேம்மா."

"என்னையா? இன்னா கேக்கணும்?"

"சார் நீட்டின பேப்பர்ல எல்லாம் கையெழுத்து போட்டியே. பாதிய நீ படிக்கவே இல்ல, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். நம்ம லைசென்ஸ் பேர்ல இன்னொரு துப்பாக்கி போயிருந்தா? அதுக்கு எதனா உனக்குக் குடுத்தாங்களா?"

என் மகள் என்னை அப்படிக் கேட்டாள். நான் பத்து மாதம் சுமந்த பிள்ளை, முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் என் கண்ணையே பார்த்துக்கொண்டு கேட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அது காலியாக இருப்பதை அப்போதுதான் இருவரும் பார்த்தோம் என்று நினைக்கிறேன்.

அவள்தான் முதலில் எழுந்தாள். போனில் ஆயுத பூஜைப் படத்தைத் தேடி எடுத்து அதிகாரியிடம் கொண்டுபோனாள். "மேடம், இது கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்தது. நம்பர் பாருங்க."

அதிகாரி பார்த்தார். எங்களுக்குச் சாதகமாக இருக்கும் என்று நினைத்தது எங்களையே திருப்பி அடித்தது.

"எட்டு நல்லா தெரியுதே. பொட்டு பக்கத்துல இருக்கு, நம்பர் மேல இல்ல. இவ்வளவு தெளிவா இருக்கறத எங்க சீனியர் ஒருத்தர் எதுக்கு மூணுன்னு எழுதணும்? அப்ப அவர் பாத்தது இது இல்ல."

நான் எழுந்து போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். கறுப்பு இரும்பு, வெள்ளை எண், பக்கத்தில் மிளகளவு மை. மிளகளவுதான். ஆனால் இந்த மையை வேறு எங்கோ நான் நீளமாகப் பார்த்திருக்கிறேன். கோடாக. வெள்ளைக்கு நடுவில் கறுப்பாக.

விபூதிக்கு நடுவில்.

"மேடம்," என்றேன். "அன்னிக்கி சார் அந்த மைய தொட்டாருங்க. தொட்டு நெத்தியில வெச்சிக்கினாரு. அதுக்கப்புறந்தான் நம்பர பாத்து எழுதினாரு."

"அதனால?"

"விரல் பட்டு மை இழுத்துக்கினு நம்பர் மேல ஏறியிருக்கும். எட்டுல இடது பக்கம் மறஞ்சா மூணுதாங்க."

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "பரவால்லையே. கடைசில எங்க ஆள் மேலயே திருப்பிட்டீங்க."

இருந்தாலும் போனை எடுத்தார். அந்த அதிகாரி அன்று மேலே புறப்பாடு பகுதியில் வேலையில் இருந்தார். வருவார் என்றார்கள்.

அவர் வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும்? தொடவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரசாங்க முத்திரை அவர் பக்கம். என் பக்கம் ஒரு நினைவு. அந்தப் பயணத்தில் பயிற்சியாளரை, அந்த மாணவனை, கடைக்காரனை, பெற்ற மகளை எல்லாம் சந்தேகப்பட்டேன். இவர் ஒருவரைத்தான் படவில்லை. நெற்றியில் விபூதியைப் பார்த்ததும் கணக்கை மூடிவிட்டேன்.

வந்தார். அதே விபூதி. எங்களைப் பார்த்து யாரென்று தெரியாமல் விழித்தார். பிறகு மேசையில் திறந்திருந்த பெட்டியைப் பார்த்தார்.

"மை எங்கம்மா? யாரு தொடச்சது?"

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பெண் அதிகாரி நிமிர்ந்தார்.

"சார், நீங்க அத தொட்டீங்களா?"

"தொட்டு வெச்சிக்கினேன். ஏன்?"

பெண் அதிகாரி சான்றிதழை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் படித்தார். துப்பாக்கியைப் பார்த்தார். தன் வலது கை விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

நான் கைப்பையைத் திறந்து மடித்த தாளை எடுத்தேன். பெண் அதிகாரி, "என்ன அது?" என்று சட்டென்று கையை நீட்டினார். பிரித்து முகர்ந்து பார்த்தார். நெய் வாசனை. மகளிடம் கொடுத்தார். மகள் படத்தைப் பார்த்துப் பார்த்து அதே இடத்தில், அதே அளவில் மையை வைத்தாள்.

"சார், அன்னிக்கி எப்படி தொட்டீங்களோ அப்படியே தொடுங்க," என்றார் பெண் அதிகாரி.

அவர் தயங்கினார். பிறகு, அன்று போலவே, மோதிர விரலால் ஓரத்தைத் தொட்டு எடுத்தார். கை தானாகவே நெற்றிக்குப் போனது. போன வழியில் மை ஒரு கீற்றாக எண் பக்கம் இழுபட்டிருந்தது. எல்லோரும் குனிந்தோம். கறுப்பில் கறுப்பு. எங்கே மை முடிகிறது, எங்கே இரும்பு தொடங்குகிறது என்று சொல்லவே முடியாது. எட்டின் வெள்ளைக் கோட்டில் இடது பக்கம் இல்லை.

"மூணு," என்றார் பெண் அதிகாரி.

"கண்ணாடி போட்டிருந்தாலும் மூணுன்னுதாம்மா எழுதியிருப்பேன்," என்றார் அவர் மெதுவாக. "கலைக்கக் கூடாதுன்னுதான்..."

பெண் அதிகாரி ஒரு காகிதத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினார். "நீங்களே தொடச்சிடுங்க சார். தொடச்சிட்டுப் படிங்க. எழுதிக்கறேன்."

அவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார். எண்ணின் அருகே கொண்டுபோனார். கை வரவில்லை. மறுபடி கொண்டுபோனார். மகள் அவர் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். ஒரே தேய். ஜெர்மனிக்காரன் தேய்த்த மாதிரியே.

"எட்டு," என்றார் அவர்.

அவர் ஒரு விளக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி வந்து பார்த்து, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்துவிட்டுப் போனார். பெட்டியை மூடித் தந்தார்கள். "இனிமே சாமிய பெட்டி மேல வெய்யுங்க மேடம், உள்ள வேணாம்," என்றார் பெண் அதிகாரி. அதுவும் சிரிப்பு மாதிரி ஒன்றுதான். சிரிப்பு என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

வெளியே வந்தால் பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார். அந்த மாணவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் மட்டும் அவ்வளவு நேரம் கம்பியைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். கையில் இரண்டு காபி. ஆறிப்போயிருந்தது. "உள்ள விட மாட்டேன்னுட்டாங்க மேடம். நாலு பேருக்குப் போன் போட்டேன், ஒருத்தரும் எடுக்கல." வாங்கிக் குடித்தேன். குடிக்கும்போதும் கோப்பையைப் பிடித்திருந்த அவர் விரலைத்தான் பார்த்தேன். தப்பு என்று தெரிந்தும் பார்த்தேன்.

காரில் நானும் மகளும் பின்சீட்டில், நடுவில் பெட்டி. திண்டிவனம் தாண்டினோம். செஞ்சிக் கோட்டை தெரிந்தபோது அவள் ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நிஜமாவே நான் மாத்திட்டேன்னு நினச்சியாம்மா?"

"நீ? நிஜமாவே நான் காசு வாங்கினேன்னு நினச்சியா?"

கீழ்பென்னாத்தூர் வந்ததும் மலை தெரிந்தது. பழக்கத்தில் இருவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

தேர்வுப் போட்டிக்கு அதே ரைஃபிளோடு போனாள். தேர்வும் ஆனாள். அது நல்லபடியாக முடிந்ததில் எனக்குக் குறையில்லை. ஆனாலும் அந்தக் காலி நாற்காலி சில நேரம் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவள் போனில் யாரோடாவது மெதுவாகப் பேசினால் என் காது நீள்கிறது. நான் எதிலாவது கையெழுத்துப் போட்டால் அவள் பின்னால் வந்து நின்று முழுக்கப் படிக்கிறாள்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்குக் கணவர் வழக்கம்போல் டப்பியோடு வந்தார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் கதையில் அவருக்குப் பிடித்தது ஒன்றுதான். "பாத்தியா, நான் பக்கத்துலதான் வெச்சேன்" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"பெட்டி மேல வெய்ப்பா," என்றாள் மகள்.

"பெட்டியா சுடுது? இரும்புக்குத்தான் வெக்கணும்."

அவள் ரைஃபிளைத் துண்டின் மேல் திருப்பி வைத்து, எண் இல்லாத பக்கத்தைக் காட்டினாள். அவர் வைப்பதற்கு முன்னால் அதை மறுபடியும் புரட்டி என் பக்கம் நீட்டினாள்.

"படிம்மா."

படித்தேன், சத்தமாக, கடைசி எண் வரை. பிறகு அவள் படித்தாள். இருவருக்கும் எட்டுதான் வந்தது. துப்பாக்கியைத் திருப்பி வைத்தாள். கணவர் மையைத் தொட்டு அந்தப் பக்கம் ஒரு பொட்டு வைத்தார். அவர் விரலைத் துணியில் துடைத்து, டப்பியை மூடும்வரை, நானும் என் மகளும் வேறெங்கும் பார்க்கவில்லை.